செல்வி மருதமுத்து

பிப்ரவரி. கோத்தகிரியில் விடியும்போது
புல் வெள்ளையாய் விறைத்துக் கிடக்கிறது.
கேரட் பாத்தியைப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து
அடுப்புக்கு முன் விரல்களை நீட்டுகிறார்கள்.
நான் போனைக் கம்பளிக்குள்ளேயே திறக்கிறேன்.
மின்னஞ்சல் மூன்று.
ஒன்று வங்கி. ஒன்று செருப்புத் தள்ளுபடி.
மூன்றாவது, நான் கேட்டே இராத ஒரு ஊரிலிருந்து,
இன்னும் விண்ணப்பிக்கலாம் என்று.

ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம்.
ஆறு இடம்: ஐந்து கடல் தாண்டி, ஒன்று ஹைதராபாத்.
கட்டணத்துக்காக
எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு
ஒரு வருஷம் டியூஷன் எடுத்தேன்.
கிரெடிட் கார்டு ரெபேக்காவுடையது.

நோக்க அறிக்கை என்று இரண்டு பக்கம் கேட்டார்கள்.
முதல் பத்தியிலேயே பனிமூட்டத்தை விற்றேன்.
தேயிலைச் சரிவு, கிழிந்த அகராதி, சிம்னி விளக்கு.
நான் பிறக்கும் முன்பே எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது.
அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
அழிக்காமல் அனுப்பிவிட்டேன்.
இப்போது பனி இறங்கும்போதெல்லாம்
சாட்சி சொல்ல வருவதுபோல் இருக்கிறது.

அங்கே அலுவலகம் திறக்கும்போது
இங்கே ஏழரை பஸ் கட்டபெட்டு தாண்டியிருக்கும்.
வீட்டில் சிக்னல் ஒரு கோடு.
இலை எடைபோடும் கொட்டகைக்கு மேலே
சில்வர் ஓக் வளைவில் மூன்று கோடு.
அங்கே போய் நிற்பேன்.
நேற்று என்னோடு ஒரு காட்டெருமையும் நின்றது,
தேயிலைக்குள் வயிறுவரை புதைந்து.
டார்ச்சை அணைத்தேன்.
இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.
அதற்கு எந்த அவசரமும் இல்லை.

ஏழு 'பி'யில் வினையுரிச்சொல் நடத்தினேன்.
மகிழ்ச்சியாக, மெதுவாக, துரதிர்ஷ்டவசமாக.
"மிஸ், இப்படி ஆரம்பிச்சா
மீதியைப் படிக்கவே வேண்டாம்தானே?" என்றான் போஜராஜ்.
மூன்று கடிதங்கள் அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்திருந்தன.
அவனுக்கு எப்படித் தெரியும்.
வாக்கியத்தை முடி என்றேன். முடித்தான்:
துரதிர்ஷ்டவசமாக, கரடி எங்கள் ரேஷன் சர்க்கரையைத் தின்றுவிட்டது.
பத்துக்குப் பத்து.

செவ்வாய்க்கிழமை ரெபேக்காவுக்குக் கிடைத்துவிட்டது,
உதவித்தொகையோடு.
வாழ்த்துகள் என்று அடித்து
நான்கு ஆச்சரியக்குறி போட்டேன்.
நான்கு அதிகம். ஒன்றை எடுத்தேன்.
மூன்று குறைவாகத் தெரிந்தது.
அதற்குள் அவளே அழைத்துவிட்டாள்.
நான் நன்றாகத்தான் சிரித்தேன்.

விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் கட்டாயம்.
காலியாய் விட்டால் சிவப்பு நட்சத்திரம் நகரவிடாது.
அப்பாவின் பெயரைப் போட்டிருந்தேன்.
வெள்ளி இரவு அதனால்தான் இப்படி வந்தது:
'அன்புள்ள செல்வி மருதமுத்து.'

அப்பா கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்புமுன்
டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். காட்டினேன்.
"என் பேருக்கா வந்திருக்கு?"
எனக்குத்தான்ப்பா.
"என்ன சொல்றாங்க?"
காத்திருப்போர் பட்டியல்.
"நம்பர் எத்தனை?"
நம்பர் சொல்ல மாட்டார்கள்.
"நம்பர் இல்லாம என்ன வெயிட்டிங் லிஸ்ட்?
நீலகிரி எக்ஸ்பிரஸ்லயே சொல்றான்.
சார்ட் எப்பப் போடுவாங்க?"
ஏப்ரல் பதினைந்து.
விரல் மடக்கி எண்ணினார்.
"இன்னிக்கு விதைச்சா ரெண்டு களை எடுத்துரலாம்."
கிளாஸைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

வளைவுக்குப் போனேன். மூன்று கோடு.
கீழே லாரி விளக்கு
மறைந்து, தெரிந்து, மறைந்து இறங்கியது.
ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தார்,
எதிரே யாரும் வராத திருப்பத்திலும்.